இரண்டாம் கருவறை

பங்குக் குருவிடம் தாய்மார் கொண்டுவரும் முறையீடுகள் பல. பிள்ளை படிக்கவில்லை, சொல் கேட்கவில்லை என்பவை நாள்தோறும் வருபவை. 'என் மகளுக்கு ஆண்டவர் திறமை தந்திருக்கிறார். அவளோ அதை வீணாக்குகிறாள்' என்னும் முறையீடு எப்போதாவதுதான் வருகிறது. விடை சொல்வதற்குக் கடினமானதும் அதுவே.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய சிற்றூர்ப் பங்கில், தையல் தொழில் செய்து மகளை வளர்த்த கைம்பெண் ஒருவர் இருந்தார். மகளுக்குப் பதினான்கு வயது. ஞாயிறு திருப்பலியில் அவள் பதிலுரைப் பாடலைத் தொடங்கினால், கோயில் வாசலில் நிற்கும் ஆடவரும் பேச்சை நிறுத்துவர். (நமது மறையுரைக்கு அவர்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை.) இரவெல்லாம் கண்விழித்துத் தைத்த கூலியில் அத்தாய் பாட்டு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தார். இசைக் கல்லூரி, வானொலி, மேடை என்று அவர் கண்ட கனவுகள் வளர்ந்துகொண்டே போயின. ஒரு தவக்காலத்தில் அப்பெண் பாடுவதை அடியோடு நிறுத்திவிட்டாள்.

தாய் அவளை நம்மிடம் அழைத்து வந்தார். நாமும் தாலந்து உவமையை எடுத்து, மண்ணில் புதைத்த ஊழியனைக் காட்டி அவளைக் கண்டித்தோம். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்த சிறுமி, "சாமி, பாத்திரம் கழுவுறப்பக்கூட என்னால சும்மா பாட முடியல. சுருதி சேரலன்னு அம்மா வந்து நிக்கிறாங்க" என்றாள். நமக்குப் பேச்சு எழவில்லை. உவமையில் கணக்குக் கேட்பவர் தாலந்தைக் கொடுத்த தலைவர். அவரும் நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்த பிறகே கேட்கிறார். நாமோ, நாள்தோறும் கணக்குக் கேட்ட தாயின் பக்கம் நின்று அச்சிறுமியைச் சோம்பேறி ஊழியனாக்கிவிட்டோம்.

ஆயினும் அத்தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனமில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் இளமையை எண்ணிப் பார்ப்போம். அவர் 1916-இல் மதுரையில் பிறந்தவர். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தந்தைவழிக் குடும்பம் துணைநில்லாத அவ்வீட்டுப் பெண்களுக்கு இசை பொழுதுபோக்கு அன்று. அதுவே சோறும் மதிப்பும். அத்தகைய தாய் மகளின் குரலில் பெரிதாக எதிர்பார்த்ததைப் பேராசை என்று எளிதில் தள்ளிவிட முடியுமா? பத்து வயதளவில் மகளின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, வீணை வாசித்தவர் அத்தாயே.

தம் முதல் மேடையைப் பற்றி எம்.எஸ். பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. சேதுபதி பள்ளியில் தாயின் கச்சேரி நடந்துகொண்டிருக்க, குழந்தை வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. யாரோ தூக்கி, கையையும் பாவாடையையும் தட்டித் துடைத்து, உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். தாய் சொன்னபடி குழந்தை பாடியது. அவை கைதட்டியது. குழந்தையின் மனமோ விட்டுவந்த மண் விளையாட்டிலேயே இருந்ததாம்.

1936-இல், இருபது வயதளவில், தாய் வகுத்த வழியை ஏற்காது அவர் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனார். அங்கும் அவர் எதை, எங்கே பாடுவது என்பதைப் பெரிதும் வகுத்தவர் கணவர் சதாசிவமே என்பது வேறு கதை. எனினும், பாரத ரத்னா பெற்ற 1998-லும், மறைந்த 2004-லும், அவர் பெயரின் முன் நின்ற 'எஸ்' சண்முகவடிவுதான்.

இவ்விடத்தில் புனித தோமா அக்குவினார் நமக்குத் துணை வருகிறார். கிறிஸ்தவரல்லாதாரின் குழந்தைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்தை மீறித் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்னும் கேள்விக்கு, கூடாது என்று அவர் விடை கூறுகிறார். பிறந்த பின்னும், அறிவு விளங்கும் வரை குழந்தை பெற்றோரின் பராமரிப்பு என்னும் ஆன்மிகக் கருவறைக்குள் இருக்கிறது என்பது அவர் காட்டும் காரணம். விருப்புரிமையைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அப்பிள்ளை தனக்கே உரியதாகத் தொடங்குகிறது என்றும் அவர் தொடர்ந்து கூறுகிறார். குருமடத்தில் இதைப் பெற்றோரின் உரிமைக்கான வாதமாகவே படித்தோம். பிள்ளைக்கு அதில் இருக்கும் பங்கைப் பங்குப் பணிதான் நமக்குக் கற்பித்தது.

முதற் கருவறையிலிருந்து பிள்ளை வெளிவரும் நாளை உடலே அறியும். இரண்டாவதற்கு அவ்வாறு நாள் குறித்துத் தருவார் இல்லை. பாடு என்று சொல்லாவிட்டால் மலர்ந்திருக்கவே செய்யாத குரல்கள் உண்டு. அதே சொல்லால் மூடிக்கொண்டவையும் உண்டு. எதிர்பார்ப்பின் உயரம் நம்மை உறுத்தவில்லை. மகள் தனக்கென்று முணுமுணுக்க வீட்டில் ஓர் அடுப்படி மூலைகூட மிஞ்சாமற் போனதே உறுத்துகிறது. மணமாகும் வரை அத்தாயும் பாடகர் குழுவில் பாடியவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அதன்பின் அவரைப் பாடச் சொன்னவர் ஒருவருமில்லை.

மாற்றலாகி வந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு திருவிழாவுக்கு அவ்வூர் சென்று அவ்வீட்டையும் பார்த்து வந்தோம். மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். தாய் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த மகள் மெல்லிய குரலில் ஏதோ பாட்டை இழுத்தாள். தாயின் கால் மிதியிலிருந்து எழுந்தது. அவர் எழுந்து போகப் போகிறார் என்றே நினைத்தோம். அவர் எழவில்லை. ஊசியின் கீழிருந்த துணியைப் பிடித்தபடி, பாட்டு ஓயும் வரை அப்படியே இருந்தார்.