ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள்

உங்கள் வீட்டில் மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். நாளிதழோடு வரும் சிறுவர் இணைப்பானாலும் சரி, நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகமானாலும் சரி. பத்து வரி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்ததுன்னு சொல்லு கண்ணு" என்று கேளுங்கள்.

இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம். வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட பாடத்தைப் பல பிள்ளைகள் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடுவார்கள். விரல் வரியின் மேல் ஓடும், கண் எழுத்தில் இருக்காது. புதிய பக்கத்தில்தான் உண்மை தெரியும். 'கூட்டம்' என்று இருப்பதை ஒரு பிள்ளை 'கூடம்' என்று வாசித்துவிட்டு மேலே போகும். இன்னொரு பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்திருக்கும். வேறொரு பிள்ளை மளமளவென்று வாசித்துவிடும், ஆனால் என்ன வாசித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். முதல் பிள்ளைக்கு எழுத்து பழக வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு வேகம் கூட வேண்டும். மூன்றாம் பிள்ளைக்குச் சொல்லும் பொருளும் சேர வேண்டும். மூன்றையும் சரிசெய்ய முடியும், ஆனால் அதற்குரிய காலத்தில் செய்ய வேண்டும். அந்தக் காலம் இதுதான்.

முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் சால் என்ற கல்வியாளர் 1983-இல் வெளிவந்த தம் நூலில் வாசிப்பின் படிநிலைகளை விளக்கும்போது இந்தத் திருப்பத்தை ஏறக்குறைய நான்காம் வகுப்பில் வைத்தார். அதுவரை சமாளித்து வந்த பிள்ளைகள் அந்த இடத்தில் சறுக்குவதையும் அவர் எடுத்துக் காட்டினார். நம் ஊரில் மூன்றாம் வகுப்பிலேயே அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடங்களாகிவிடுகின்றன. 'ஆவியாதல்', 'ஒளிச்சேர்க்கை', 'ஊராட்சி', 'நாகரிகம்' போன்ற சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வீட்டுப் பேச்சில் இவற்றைப் பிள்ளை கேட்டதில்லை. அவற்றை வாசிக்கவே தடுமாறினால் அறிவியல் எப்படிப் புரியும்? கணக்கில்கூட, கூட்டலும் கழித்தலும் நன்றாகத் தெரிந்த பிள்ளை 'மீதம் எவ்வளவு', 'எத்தனை மடங்கு' என்ற வாக்கியக் கணக்கில் விழுந்துவிடுகிறது. அங்கே தோற்பது கணக்கு அல்ல, வாசிப்பு.

நன்றாக வாசிக்கும் பிள்ளை மேலும் வாசிக்கும். அதனால் சொல் பெருகும், வாசிப்பு இன்னும் எளிதாகும். திணறும் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கும், அதனால் சொல் பெருகாது, அடுத்த ஆண்டுப் புத்தகம் இன்னும் கடினமாகும். கீத் ஸ்டானோவிச் என்ற உளவியல் ஆய்வாளர் 1986-லேயே இந்த இடைவெளி தானாக விரிந்துகொண்டே போவதைப் பற்றி எழுதினார். தானாக விரியும் இடைவெளி தானாக மூடாது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற சமாதானத்தை இனிமேல் யாரும் சொல்லாதீர்கள். இந்த விஷயத்தில் அது பெரிய தவறு.

நாட்டின் நிலையைப் பாருங்கள். பிரதம் என்ற தன்னார்வத் தொண்டு அமைப்பு 2005 முதல் 'ஏசர்' என்ற பெயரில் கிராமப்புறப் பிள்ளைகளின் வீடுகளுக்கே போய் வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. அதற்குக் கொடுக்கப்படுவது இரண்டாம் வகுப்புத் தரத்திலான சிறு பத்தி. அதை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் இந்திய அளவில் நூற்றுக்கு 50 பேர். 2022-இல் அது 43-க்குக் கீழே போனது. 2024-இல் 49-ஐ நெருங்கியது. இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளை, மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்திருக்க வேண்டிய பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை என்பதே இதன் பொருள்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் 1 வரை திறக்கப்படவில்லை. ஆசிரியர் கையைப் பிடித்து எழுதப் பழக்க வேண்டிய வயதில் பிள்ளைகள் கைப்பேசித் திரை முன் உட்கார்ந்திருந்தார்கள். பல வீடுகளில் அந்தக் கைப்பேசியும் இல்லை. அரசு 2021 அக்டோபரில் தன்னார்வலர்களைக் கொண்டு 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் தொடங்கியது. பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. தன்னார்வலர்களும் ஆசிரியர்களும் மனதார உழைத்தார்கள். ஆனாலும், 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் 2025-இல் ஐந்தாம் வகுப்பை முடித்து நடுநிலைப் பள்ளிப் பாடங்களுக்குப் போய்விட்டார்கள். விட்டதைப் பிடிக்காமலே ஏறிப்போன பிள்ளைகள் அவர்களில் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு முடிக்க வேண்டிய பாடத்திட்டம் இருக்கிறது. உயிர்மெய் வரிசையிலிருந்து தொடங்க அவருக்கு நேரம் கிடைப்பது கடினம். அதனால்தான் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் என்று இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

என்ன செய்ய வேண்டும்? முதலில், தினமும் இருபது நிமிடம் பிள்ளை வாய்விட்டு வாசிக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும், கைப்பேசி தள்ளியிருக்க வேண்டும். பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே பாய்ந்து சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் முதல் எழுத்தின் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுங்கள். அதே பத்தியை மறுநாளும் வாசிக்கச் சொல்லுங்கள். நேற்றுத் திணறிய வரி இன்று சரளமாக வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வாசிப்பில் வேகம் இப்படித் திரும்ப வாசிப்பதில்தான் வரும். வேகம் வந்தால்தான் மனம் எழுத்தை விட்டுப் பொருளுக்குப் போகும்.

"எனக்கே எழுத்து தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்" என்று கேட்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்கிறேன்: நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். "அப்புறம் என்ன ஆச்சு?", "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள். தான் வாசிப்பதை ஒருவர் ஆவலோடு கேட்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம். நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு வந்து, இரவில் பிள்ளை வாசிக்கக் கேட்கும் தாய், டியூஷன் கொடுக்க முடியாததைக் கொடுக்கிறாள்.

அடுத்தது சொல்வளம். திண்ணைப் பள்ளிக் காலத்தில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். சொல்தான் கல்வியின் முதல் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. இன்று பாடத்தோடு வரும் சொற்பொருள் பட்டியலை எழுதி மனப்பாடம் செய்து தேர்வுக்குப் பிறகு மறந்துவிடுகிறோம். ஒரு சொல்லைப் பல இடங்களில் கேட்டு, வாசித்து, தானே சொல்லி, எழுதியபிறகுதான் அது பிள்ளைக்குச் சொந்தமாகும். 'வரப்பு' என்ற சொல் பாடத்தில் வந்தால், நகரத்துப் பிள்ளைக்கு 'வயலின் ஓரம்' என்று எழுதிக்கொடுத்தால் போதாது. ஒரு படத்தைக் காட்டுங்கள். வரப்பில் எப்படி நடப்பார்கள், மழை பெய்தால் அது ஏன் வழுக்கும், தண்ணீரை அது எப்படித் தடுத்து நிறுத்தும் என்று பேசுங்கள். ஒரு சொல்லிலிருந்து அதன் குடும்பத்துக்குக் கூட்டிப்போங்கள்: 'நட' தெரிந்த பிள்ளைக்கு நடை, நடைபாதை, நடத்தை, நடைமுறை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நாளுக்கு மூன்று சொல் போதும். ஒரு சிறு நோட்டில் சொல்லையும், பிள்ளை தானே அமைத்த ஒரு வாக்கியத்தையும் எழுதச் சொல்லுங்கள். பொருளை மட்டும் எழுதும் நோட்டு வேண்டாம்.

மூன்றாவது எழுத்துப்பிழை. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் அடி வாங்குகிறார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் ர-வையும் ற-வையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம், ந-வையும் ன-வையும் அப்படித்தான். ழ-வைப் பெரியவர்களே ள-வாக்கிப் பேசுகிறோம். காதால் பிரிக்க முடியாததைக் கையால் பிரித்து எழுதச் சொல்லி, தவறினால் திட்டுவது நியாயமல்ல. பிள்ளைக்கு முறையைச் சொல்லிக்கொடுங்கள், தமிழில் முறை இருக்கிறது. சொல்லின் முதலில் ந வரும், ண-வும் ன-வும் வரமாட்டா. 'பந்து', 'சந்தை' என்று த-வுக்கு முன் ந். 'வண்டி', 'நண்டு' என்று ட-வுக்கு முன் ண். 'கன்று', 'நன்றி' என்று ற-வுக்கு முன் ன். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே இந்த முறை இருக்கிறது. பிள்ளையிடம் 'இரண்டு சுழி, மூன்று சுழி' என்பதோடு நிறுத்தாமல் இந்தப் பெயர்களையும் சொல்லுங்கள். இரட்டித்து வருவது ற்ற: காற்று, வெற்றி, நேற்று. ர் இரட்டிக்காது.

குறில் நெடிலில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் படம்–பாடம், எரி–ஏரி, கொடு–கோடு என்று இணையாகக் கொடுங்கள். கொம்பு வரும் எழுத்துகளில் தனிக் கவனம் வேண்டும். 'பொ' என்ற எழுத்தில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் ஒலிப்பது ப-வை. பெ, பே, பொ, போ நான்கையும் பிள்ளை குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. தினமும் ஐந்து சொல் போதும். பார்க்கச் சொல்லுங்கள், மூடச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள், பிறகு பிள்ளையே திறந்து சரிபார்க்கட்டும். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை அதை மறுபடி செய்வது குறையும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். பிழையான சொல்லை நூறு முறை எழுதச் சொல்லாதீர்கள். பத்தாவது முறைக்கு மேல் கை மட்டும்தான் எழுதும். மற்ற பிள்ளைகள் சிரிக்க, திணறும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். "அக்காவைப் பாரு, பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்று ஒப்பிடாதீர்கள். "மண்டையில ஏறல" என்ற சொல்லை எந்தப் பிள்ளையின் காதிலும் விழவிடாதீர்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளை அதை நம்பிவிடும். மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கியும் எழுத்து பிடிபடவில்லை என்றால் அது சோம்பலாக இருக்காது, கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரித்திருக்கிறது. வெட்கப்படாமல் ஆசிரியரிடம் பேசுங்கள், உரிய நிபுணரிடம் காட்டுங்கள்.

பிள்ளை ஆங்கில வழியில் படிப்பதால் தமிழ் வாசிப்பு எதற்கு என்று நினைக்கும் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். பேசும் மொழியில் பொருள் பிடித்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறன் அடுத்த மொழிக்கும் துணைவரும். இரண்டிலும் எழுத்துக்கூட்டி மட்டும் நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் கைவிட்டுப் போகும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் பதிவேடும் பயிற்சியும் கணினிப் பதிவும் சுமத்தப்பட்டிருப்பதை அறிவேன். ஆனாலும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வாசிப்பதை வாரம் ஒருமுறையாவது காதால் கேளுங்கள். பள்ளி நூலகப் புத்தகங்களைக் கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்த புத்தகம் யாரோ வாசித்த புத்தகம். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்து ஊர்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. அந்தக் காலத்திலேயே ஊர் தேடிப் புத்தகத்தைக் கொண்டுபோன மண் இது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிக் கல்வித்துறை 'ஊஞ்சல்' இதழை வெளியிட்டது. 'வாசிப்பு இயக்க'த்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சிறு புத்தகங்கள் வந்தன. அவை பிள்ளையின் கைக்குப் போகட்டும்.

பிள்ளைக்கு நாம் வாங்கித் தரும் எதுவும் இதற்கு ஈடாகாது. சொந்தமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளையை யாராலும் எளிதில் ஏமாற்ற முடியாது, கல்வியிலிருந்து வெளியே தள்ளவும் முடியாது. அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை நாளுக்கு இருபது நிமிடம். அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திப்போடாதீர்கள், அடுத்த வாரத்துக்கும் ஒத்திப்போடாதீர்கள். இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள்.