பெற்ற தாய்க்கு மறுத்த குழாய்

அய்யா உண்டு.



எங்கள் நிழல் தாங்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து, தருமம் வாங்கி உண்டுவிட்டு எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். நல்ல மனிதர்களைப் பற்றிய பேச்சு காமராசரிடம் வந்து நின்றது. அவர் நம் வழியைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் நம் மாவட்டத்துக்கு அவர் அந்நியரும் அல்லர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது அவரே முதலமைச்சர். 1967-இல் பிறந்த ஊரான விருதுநகர் அவரைத் தோற்கடித்தது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி ஒன்றை நானும் அன்று சொன்னேன். அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில், விருதுநகரில் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் எல்லாரையும் போலத் தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடித்தாராம். அதைக் கண்ட நகராட்சியார் அம்மாளின் வீட்டுக்கே குழாய் இழுத்துக் கொடுத்தார்களாம். செய்தி அறிந்த மகன் அதை எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

எல்லாரும் தலையாட்டினார்கள். தாங்கல் முற்றத்தை நாள்தோறும் பெருக்கும் பாட்டி மட்டும் தலையாட்டவில்லை.

"ஏன் மக்கா, பெத்த அம்மைக்குத் தண்ணி வேண்டாம்னு சொன்னவர எப்படி இரக்கம் உள்ளவருன்னு சொல்லுக? குடம் சுமந்த இடுப்புக்கில்லா அந்த நோவு தெரியும்."

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலமைச்சர் என்றால் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பாட்டி அந்தப் பதிலை ஏற்கமாட்டார். அடுத்தவர் இடுப்பில் குடத்தை ஏற்றி வைத்துவிட்டு நான் முன்மாதிரி ஆகிறேன் என்றால் அது என்ன தருமம்? அந்த அம்மாளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

அதனால் அந்த ஒரு செயலை மட்டும் எடுத்துப் பார்க்காமல், அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க முயன்றேன். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுக் கடைக்கு வேலைக்குப் போனவர். விடுதலைப் போராட்டத்தில் பல ஆண்டுகள் சிறையில் கழித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் வாடகை வீட்டில் இருந்தார். 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தபோது மிஞ்சியவை சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் சிறிதளவு பணமும்தான். ஆக, தாய்க்கு மறுத்ததை அவர் தமக்கு என்றோ மறுத்திருந்தார். தான் மெத்தையில் படுத்துக்கொண்டு தாயைத் தரையில் படுக்கச் சொன்ன பிள்ளை அல்லர் அவர். இது ஒன்று.

இன்னொன்று, மறுத்த அதே கை எதைக் கொடுத்தது என்பது. 1954-இல் பதவிக்கு வந்ததும் பிள்ளைகளை அரைநாள் மட்டுமே பள்ளியில் வைத்திருந்த திட்டத்தை நீக்கினார். ஊர்தோறும் பள்ளிகளைத் திறக்கச் செய்தார். பசித்த வயிறு பாடம் கேட்காது என்று கண்டு, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அந்தச் சோற்றை உண்டவர்கள் அவருக்கு உறவினர் அல்லர். அவர் பெயர்கூட அறியாத பிள்ளைகள்.

இங்கே நம் முத்திரிக்கிணற்றை நினைத்துப் பாருங்கள். பொதுக் குளத்திலும் கிணற்றிலும் எளிய மக்கள் நீர் எடுக்கத் தடை இருந்த திருவிதாங்கூர் அது. அந்தக் காலத்தில் அய்யா எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றடியில் நிறுத்தினார். இன்றும் நாம் அங்கே முத்திரிப்பதம் விட்டுத்தான் பதிக்குள் போகிறோம். அந்தக் கிணற்றுக்கு ஏன் அந்த மகிமை? தண்ணீர் எங்கும் தண்ணீர்தான். முந்தியவர் பிந்தியவர், வேண்டியவர் வேண்டாதவர் என்ற கணக்கு அந்தக் கிணற்றடியில் இல்லை என்பதே அதன் மகிமை. தெரு முழுவதும் வரிசையில் நிற்க, ஒரு வீட்டுக்குள் மட்டும் குழாய் வந்தால் அந்தக் கணக்கு திரும்ப வந்துவிடுகிறது. காமராசர் மறுத்தது தண்ணீரை அல்ல, அந்தக் கணக்கை.

இவ்வளவும் எண்ணிய பிறகும் பாட்டியின் சொல் பொய்யாகவில்லை. இடுப்பு நோவு நோவுதான். தருமத்துக்கு ஒரு விலை உண்டு. பேர் ஒருவருக்கு வருகிறது, விலையைப் பல நேரம் வீட்டில் இருக்கும் பெண் கொடுக்கிறாள். பதிக்கும் தாங்கலுக்கும் ஓடியாடிப் பணிவிடை செய்பவரைப் புகழ்கிறோம். அவர் வரும்வரை சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பவளை யார் நினைக்கிறோம்? நல்லவர் ஒருவரை நினைக்கும்போது, அவருடைய நன்மைக்காகத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தவர்களையும் சேர்த்து நினைப்பதுதான் முழு நினைவு. அது இல்லாத புகழ்ச்சி பாதிக் கணக்கு.

நம் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. வணங்கப் போனவன் தன்னைத்தான் பார்க்கிறான். நல்லவரின் நினைவும் அப்படித்தான் இருக்க வேண்டும். படத்துக்கு மாலை போட்டுத் திரும்பினால் அவரை மட்டும் பார்த்தோம், நம்மைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அன்னதருமத்துக்குக் கரண்டி பிடிக்கும் முறை எனக்கு வந்தது. வரிசையில் என் பேரன் நின்றான். கரண்டி தானாகச் சட்டியின் அடிவரை போனது. எனக்குப் பின்னால் யாரும் சொல்லாமலே கை நின்றது. அவனுக்கு முன்னால் நின்ற, எனக்கு முகம் தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு வைத்தேனோ அவ்வளவே அவனுக்கும் வைத்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மனம் கொஞ்சம் வலித்தது. ஒரு கரண்டிச் சோற்றுக்கே இந்த வலி என்றால், அந்தக் குழாயை எடுக்கச் சொன்னபோது அந்த மகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"செரி மக்கா. அவர நெனச்சுக் கும்பிடும்போ அந்த அம்மையையும் சேத்துக் கும்பிடு."

அப்படியே செய்து வருகிறேன்.

அய்யா உண்டு.