குமட்டலும் பயமும்

வாந்தி என்றாலே கைகால் நடுங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் வளர்க்கும் நாய்க்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொள்ளுமா?

நாய்க்கு வாந்தி பெரிய விஷயமே கிடையாது. கக்கிவிட்டு அதையே மோந்து பார்த்துத் தின்னும். அதன் உறவான ஓநாய், விழுங்கிய இரையைக் கக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டுது.

ஆனால் நம்முடைய பதற்றம் அதற்குத் தெரியும். பதறும்போது மாறும் மனித வியர்வை, மூச்சு வாசனையை நாய்கள் பிரித்தறிவதை பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். நாய் குமட்டும்போதெல்லாம் நாம் அலறி ஓடினால் அது என்ன கற்றுக்கொள்ளும்? இந்த நேரத்தில் இவங்க பக்கத்துல இருக்கக் கூடாது என்றுதான்.

நமக்கு வாந்தியைக் கண்டு பயம். அதற்கு நம்மைக் கண்டு பயம். இதைப் பகிர்தல் என்று எப்படிச் சொல்வது? பயம் வருவது யார் குற்றமும் இல்லை. உடம்புக்கு முடியாத உயிர் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால், அதற்கு மட்டும் நாம்தான் பொறுப்பு.