உட்கார்ந்து கற்பித்த என் ஆண்டவர்

மலையில் ஏறி உட்கார்ந்தார். பிறகொரு நாள், கரையில் ஜனங்கள் நிற்க, படகில் உட்கார்ந்தார். பாடுகளுக்குச் சற்று முன்பு ஒலிவமலையில் உட்கார்ந்தார். அந்நாளைய யூதப் போதகர்கள் உட்கார்ந்துதான் கற்றுக்கொடுப்பார்கள். மத்தேயு மூன்று இடத்திலும் இதை மறக்காமல் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளம் பொங்குகிறது. வானத்தையும் பூமியையும் படைத்தவர், மீன்பிடிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாரே!

மத்தேயு சுவிசேஷத்தில் பெரிய போதனைகள் ஐந்து. 5 முதல் 7 வரை மலைப்பிரசங்கம், 10-இல் பன்னிருவரை அனுப்பும்போது சொன்னவை, 13-இல் உவமைகள், 18-இல் சபையாரின் வாழ்வு, 24, 25-இல் கடைசிக் காலம். மத்தேயு இவற்றை ஏன் இப்படித் திரட்டி வைத்தார்? 28-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவர் கலிலேயாவின் மலையில் நிற்கிறார். தாம் கட்டளையிட்டவற்றையெல்லாம் சகல ஜாதிகளும் கைக்கொள்ளும்படி கற்பிக்கச் சொல்கிறார். எந்தக் கட்டளைகள் என்று சீஷன் கேட்டால், பக்கங்களைப் பின்னால் புரட்டினால் போதும், அவை எல்லாம் அங்கே இருக்கின்றன! கேட்டு வியப்பதுதான் நோக்கமென்றால், மலைப்பிரசங்கம் முடிந்த அன்றே ஜனங்கள் வியந்துவிட்டார்கள். கேட்டபடி செய்கிறவனுடைய வீடுதான் கன்மலையில் நிற்கும் என்றார் அவர். ஆதிச் சபையார் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு 3 முறை ஜெபிக்கச் சொல்கிறது ‘திதக்கே’ என்ற பழைய நூல்.

ஐந்திலும் என்னை உருக்கிவிடுவது 18-ஆம் அதிகாரம். ராஜாவிடம் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 6 கோடி நாள் கூலி! எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராத அந்தக் கடனை ராஜா மனதிரங்கி மன்னித்துவிடுகிறார். வெளியே வந்தவனோ 100 வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறும் சின்னத் தொகையல்ல, மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. நமக்குப் பிறர் செய்த தீங்கு நிஜமானது என்பதை என் ஆண்டவர் மறுக்கவே இல்லை. அதனால்தான் இந்த உவமை நெஞ்சுக்குள் இறங்குகிறது. இங்கே வரும்போது வேதத்தை மூடாமலே முழங்காலில் விழுகிறேன். எனக்குத் தீங்கு செய்தவர்களைப் பெயர்சொல்லி மன்னிக்கிறேன், அழுகிறேன், அழுகையினூடே சிரிப்பும் வந்துவிடுகிறது. எனக்குத் தள்ளுபடியானது 6 கோடியல்லவா!

ஐந்தாம் போதனை முடிந்தபோது பஸ்காவுக்கு இரண்டே நாள். அதன்பின் கெத்செமனேயில் ஆண்டவர் முகங்குப்புற விழுந்து, பிதாவின் சித்தமே ஆகவேண்டும் என்று மன்றாடினார். மலைமேல் உட்கார்ந்து நமக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் வரும் அதே விண்ணப்பம்! கற்பித்ததை வியர்வை சிந்த முதலில் செய்தவர் அவரே. என் போதகரே, உமக்குக் கோடானகோடி ஸ்தோத்திரம்!