விருந்தினன் கடன்

விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். முன்பின் அறியாதவன் வாயிலில் வந்து நின்றால் அவனுக்குச் செய்ய வேண்டுவன யாவை என்பதை நம் அறநூல்கள் விரித்துரைத்தன. வந்தவன் செய்ய வேண்டுவது யாது என்பதை அவை அத்துணை விரிவாகப் பேசவில்லை. அன்று வந்தவன் வழி நடந்து களைத்தவன்; பசித்தவன். இன்று அயல்நாட்டு நகரங்களையும் அந்நகரத்து உணவு வகைகளையும் காண வானூர்தி ஏறும் கணவனும் மனைவியும் பசியால் செல்வதில்லை, சுவைக்காகச் செல்கின்றனர். உண்டதற்கு விலையும் கொடுக்கின்றனர். விலை கொடுத்த அளவிலே அவர்தம் கடன் தீர்ந்துவிடுகிறதா?

தீர்ந்தது என்பார் பலர். எனக்கு அதில் ஐயம் உண்டு. அவ்வையத்தை வளர்த்தது, நானும் என் மனைவியாரும் சென்றுவந்த பார்சிலோனா நகரம்.

அந்நகரின் லா ராம்ப்ளா வீதியை ஒட்டியது பொக்கேரியா சந்தை. பதின்மூன்றாம் நூற்றாண்டு தொட்டு வரலாறு உடையது. இன்றுள்ள இரும்புக் கூரை 1914இல் வேயப்பெற்றது. மீனும் இறைச்சியும் காளானும் கனியும் அந்நகர மக்களின் அடுப்படிக்குச் செல்வதற்காக அங்கே குவிந்தன. 1992 ஒலிம்பிக் போட்டி உலகத்தின் கண்களை அந்நகரின் மேல் திருப்பிற்று. வந்து குவிந்தோர் மீன் வாங்குவாரல்லர். விடுதி அறையில் பச்சை மீனை வைத்துக்கொண்டு என் செய்வது? நறுக்கிய பழம் ஒரு கோப்பை, ஒரு புகைப்படம், அவ்வளவே. கூட்டத்தைப் பிளந்து மீன்கடையை அணுக மாட்டாத இல்லத்தரசி வேறு சந்தையை நாடினாள். வணிகனோ, மீன் இருந்த இடத்தில் பழக்கோப்பைகளை அடுக்கினான். வெள்ளி, சனிக்கிழமைகளில் பெருங்குழுக்கள் நுழைவதை 2015இல் நகராட்சி தடுக்க வேண்டியதாயிற்று.

இதில் பிழை செய்தவர் யார்? தேடினால் ஒருவரும் அகப்படார். ஒவ்வொருவரும் கேட்ட விலையைக் கொடுத்தே உண்டனர். ஆயினும் எதைக் காண வந்தார்களோ அதுவே அவர்கள் வரவால் தேய்ந்தது.

"நாம் இருவர் போகாதிருந்தால் அந்தச் சந்தை மீண்டுவிடுமோ?" என்று கேட்டார் என் மனைவியார். மீளாதுதான். ஆனால் திருமண வீட்டில் நம் ஒரு இலையால் சோறு தீர்ந்துவிடாது என்று அறிந்தும், பெரியோர் காத்திருக்க நாம் முதற்பந்தியில் அமர்வதில்லையே என்றேன். அவர் விடவில்லை: "அந்தக் கடைக்காரர் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தால் அல்லவா படிக்கின்றனர்? ஒதுங்கிப் போவதும் ஒருவர் வயிற்றில் அடிப்பதுதான்." இதற்கு என்னிடம் நேரான விடை இல்லை.

சரி, வீடொன்றை நாள் வாடகைக்கு எடுத்து, மீனோ கீரையோ வாங்கிச் சமைத்தால் உண்மையான வாடிக்கையாளர் ஆகலாமே எனின், அங்கும் ஒரு முள் உண்டு. அத்தகைய வீடுகள் பெருகியதால் குடியிருப்போர்க்கு வாடகை ஏறிற்று. சுற்றுலாக் குடியிருப்புகளின் 10,101 உரிமங்களும் 2028 நவம்பருக்குள் முடிவுறும் என அந்நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். அடுத்த மாதமே பயணிகள் மேல் நீர்த்துப்பாக்கியால் நீர் பீய்ச்சி ஊரார் தம் சினத்தைக் காட்டினர். அடுப்பு வேண்டுமெனின் ஒரு குடும்பத்தின் வீடு வேண்டும். வீடு வேண்டாமெனின் சந்தையில் நாம் வெறும் வேடிக்கையாளர்.

நாங்கள் கண்ட வழி சிறியது. சந்தையை விட்டு நெடுந்தொலைவில், ஊரார் நண்பகல் உணவு கொள்ளும் இரண்டு மணிக்கு ஓர் எளிய உணவகத்தில் அமர்ந்தோம். அன்றைக்கென வகுத்த உணவு, ஒரே விலை. தக்காளி தேய்த்து ஒலிவ எண்ணெய் விட்ட ரொட்டி; பசலைக்கீரையோடு வெந்த கொண்டைக்கடலை. புலால் உண்ணாத எங்களுக்கென எதையும் மாற்றச் சொல்லாமல், அவர்கள் தமக்கெனச் சமைத்தவற்றுள் எங்களுக்கு இசைந்ததை உண்டோம். அவர்கள் வேளை, அவர்கள் முறை, அவர்கள் அளவு: விருந்தினன் கடன் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

என் மனைவியாரோ ஒரு படி மேலே சென்றார். ஊர் திரும்பியபின் அவ்வுணவகத்தின் பெயரைக் கேட்ட நண்பர்களுக்கு அவர் சொல்லவில்லை. நான்கு மேசைகள் கொண்ட ஒரு கடைக்குக் கிடைக்கக்கூடிய வருவாயை நாம் மறைக்கலாகுமோ என்று நான் இன்றும் அவரோடு வழக்காடுகிறேன். எனினும் இக்கட்டுரையில் அப்பெயரை எழுத அவர் இசையவில்லை.