வலிக்கு ஒரு நோட்டு

மலாக்காவின் ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்களிடம் "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இருக்கு, என்ன செய்ய?" இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரம் சீவி, காண்டா என்ற தோள்கம்பில் பால் வாளிகளைச் சுமந்து நடந்த தலைமுறை அது. வலிக்கிறது என்று படுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் சொல்லாமலே பழகியவர்கள். அதை நாம் பொறுமை என்று புகழ்ந்தோம். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்தப் பொறுமையே அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது.

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் கொடுத்து, எலும்பு நிபுணரைப் பார்க்க, அவர்களில் ஒருவரான என் அம்மாவுக்குத் தேதி குறித்தபோது, இடையில் பல வாரங்கள் இருந்தன. ஒரு நோட்டு வாங்கி வைத்தேன். "எழுதி வச்சா வலி போயிருமா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். போகாது. ஆனால் எழுதாமல் விட்டால் வலி நினைவில் உருமாறிவிடும்.

1996இல் உளவியலாளர் டானியல் கானெமனும் மருத்துவர் டொனால்டு ரெடல்மையரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுச் சோதிக்கப்பட்டவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் தங்கள் வலியைக் குறித்தார்கள். சோதனை 4 நிமிடத்தில் முடிந்ததும் உண்டு, 67 நிமிடம் நீடித்ததும் உண்டு. பிறகு, மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டபோது, எவ்வளவு நேரம் என்பது அவர்கள் பதிலில் தென்படவே இல்லை. உச்சமாக வலித்த கணமும் கடைசிச் சில நிமிடங்களுமே நினைவில் தங்கியிருந்தன. டாக்டரைப் பார்க்கும் அன்று காலை முட்டி கொஞ்சம் இளகியிருந்தால், மாதக்கணக்கில் பட்டதெல்லாம் "இப்ப பரவால்ல" என்று சுருங்கிப்போவது இதனால்தான்.

2008 முதல் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு இவற்றோடு வலியையும் கேட்டுக் குறிக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். வலியைக் கேட்பதே நோயாளிக்குத் தரும் மரியாதை; நல்ல ஏற்பாடு அது. ஆனால் அம்மா எப்போதும் மூன்று என்பார். பிரசவ வலியையும், மழைநாளில் பால் வாளிகளோடு சறுக்கி விழுந்ததையும் பத்து என்று வைத்துக்கொண்டவருக்கு முட்டி மூன்றுதான். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில், அன்றைக்கு என்ன செய்ய முடியாமல் போனது என்றும் எழுதினோம். கோலம் போடக் குந்த முடியவில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிப்பு வந்தது. அந்த மூன்றுக்குள் இவ்வளவு இருந்தது.

மருத்துவருக்கு வேண்டியதும் இதுவே. காலையில் இறுகிய மூட்டு நடக்க நடக்க அரைமணிக்குள் இளகினால் அது பெரும்பாலும் தேய்மானத்தின் போக்கு. ஒரு மணிக்கு மேலும் இறுக்கம் விடாவிட்டால் மூட்டழற்சி இருக்கிறதா என்று தேட வேண்டும். நடந்தால் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்து முன்னால் குனிந்ததும் விட்டுப்போனால் சந்தேகம் முட்டியை விட்டு முதுகுத்தண்டுக்குப் போகும். எரிச்சலும் மரத்துப்போவதும் நரம்பைக் காட்டலாம். ஆகவே குடைச்சல், கடுப்பு, சுளீரென்று இறங்குகிறது என்று அம்மா சொன்னதைச் சொன்னபடியே குறித்தேன். விழுங்கிய மாத்திரை எத்தனை மணிநேரம் தாங்கியது என்பதையும் சேர்த்தேன். கடையில் வாங்கிய மூட்டுவலி மருந்தை மறைக்கவே கூடாது. ஜாமு போன்ற நாட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு, சாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரைகள் சிலவே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

வலியையே பார்த்துக்கொண்டிருந்தால் வலி பெருகாதா? அத்தையின் கேள்விக்குள் இந்தக் கவலையும் இருந்திருக்க வேண்டும். நியாயமான கவலை. வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடந்துதான் மூளைக்குப் போகிறது, மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் அந்த வாசலைத் திறக்கவும் மூடவும் கூடும் என்று வலி ஆய்வாளர்கள் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இலேயே முன்வைத்தார்கள். கவனமும் பயமும் வலியைக் கூட்டும் என்பது இன்று மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. அதனால் நாள் முழுக்க நோட்டைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. விளக்கு வைத்த பிறகு நாலு வரி, அவ்வளவுதான். வலி மறந்திருந்த நேரத்தையும் எழுதினோம்: பேத்தியோடு தொலைக்காட்சி பார்த்தது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின் வந்த தூக்கம். எது வலியைக் குறைக்கிறது என்பதும் மருத்துவருக்குத் தடயம்தானே. ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பதோடு எழுதுவதை நிறுத்துவது என்றும் முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். தீராத வலியோடு வாழ்பவருக்கு அதை மறைத்து வைப்பது எவ்வளவு கெடுதலோ, அதை வீட்டின் தலைவராக்கிவிடுவதும் அவ்வளவு கெடுதல் என்று நினைக்கிறேன்.

முழு நோட்டையும் புரட்ட மருத்துவருக்கு நேரம் இருக்காது. அதனால் முதல்நாள் ராத்திரி அரைப் பக்கத்தில் மலாயில் சுருக்கி எழுதினேன்: எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, என்னென்ன மருந்து. அதன் கீழே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விக்கும் ஓர் இடம் விட்டேன். அம்மா யோசித்துவிட்டு, "பழையபடி குந்தி உக்கார முடியுமான்னு கேளு" என்றார். அதை மட்டும் நான் எழுதவில்லை. "நீங்களே கேளுங்கம்மா" என்றேன்.