ஆதரவாளரா, துரோகியா?

உலகில் எங்காவது போர் மூண்டுவிட்டால் சென்னையை அடுத்த கரையான்சாவடி டீக்கடைகளிலும் அணி பிரிந்துவிடுகிறது. குண்டு போடுவதை நிறுத்தவேண்டும் என்று ஒருவர் வாய் திறந்தால், டீ ஆறுவதற்குள் அவர் எதிரியின் ஆள். தாக்கியதில் நியாயம் உண்டு என்பவர் ரத்தவெறியர். இப்படி முத்திரை குத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் வெகுதூரம் தேடவேண்டியதில்லை. பக்கத்தில் பூந்தமல்லியிலேயே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது.

2002 ஜூன் 29. மதுரை அருகே திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் மதிமுக பொதுச்செயலாளர் வைகோ, விடுதலைப் புலிகளை முன்பும் ஆதரித்ததாகவும் இனியும் ஆதரிக்கப்போவதாகவும் பேசினார். 1992 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட இயக்கம் அது. பேசிவிட்டு அமெரிக்கா போனவர், ஜூலை 11 அன்று சென்னை திரும்பியதும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதானார். அப்போது அவர் சிவகாசி எம்.பி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. வேலூர்ச் சிறையில் ஏறக்குறைய 19 மாதங்கள், வழக்கு பூந்தமல்லியில்.

அடுத்த மாதமே, புலிகளை ஆதரித்துப் பேசியதாகத் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறனும் பொடாவில் கைதானார். 1978-ல் மதுரையில் இந்திரா காந்தி தாக்கப்பட்டபோது அவரைக் காத்து நின்றவர் இதே நெடுமாறன். 2000-ல் வீரப்பன் பிடியிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை மீட்கக் காட்டுக்குள் தூது போனவரும் இவரே. 'புலி ஆதரவாளர்' என்ற இரண்டு சொற்களுக்கு முன்னால் இவை எதுவும் நிற்கவில்லை.

2003 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. ஆனால் வாய்வார்த்தையாக ஆதரவு தெரிவிப்பது மட்டுமே குற்றமாகிவிடாது, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கவேண்டும் என்றும் சொன்னது. 2004 பிப்ரவரியில் வைகோ வெளியே வந்தார். அந்த ஆண்டே பொடாவும் ரத்தானது.

புலிகளைப் பற்றிய வைகோவின் கருத்தைக் கடுமையாக மறுக்க எல்லா நியாயமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் புலிகளின் குண்டுக்கு ராஜீவ் காந்தியோடு உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஈழத்தமிழர் சாகக்கூடாது என்று சொன்னவர்களையெல்லாம் அந்தக் கொலைக்குக் கைதட்டியவர்களாக நினைத்தது பெரும் அநியாயம்.

மறுபக்கத்தில், புலிகளை விமர்சித்தவர்களுக்கு 'துரோகி' என்ற முத்திரை தயாராக இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, புலிகள் என எந்தத் தரப்பின் கொடுமையையும் அந்நூல் மறைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக்கொன்றார்கள். வயது 35.

ஒருவர் போரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால், மேற்கொண்டு என்ன நினைக்கிறார் என்று கேட்க அரை நிமிடம் போதும். அரசியல் மேடைகளில் அந்தப் பொறுமை இல்லாமல் போனது வெட்கக்கேடு. 2009 மக்களவைத் தேர்தலில் எதிரணியை ஈழத் துரோகி என்று ஏசாத மேடை அரிது. தமிழ்நாடு வாக்களித்த மே 13 அன்றும் இலங்கையில் போர் நடந்த முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன.